வால்வு ஆபரேஷனும் காப்பீட்டு அட்டையும்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அறை வாசலில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். கையில் மஞ்சப்பை, அதற்குள் மகளின் எக்கோ ரிப்போர்ட். இதயத்தின் இடது பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டதாம். கல்யாணம் ஆனதும் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் மகள் பெயரை நீக்கிவிட்டார்கள். புகுந்த வீட்டு அட்டையில் இரண்டு வருஷமாகியும் சேர்க்கவில்லை. “பேரைச் சேத்துட்டு வாங்கம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற பெண்ணை வைத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடப்பது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வரலாறு இது போதும்.

டாக்டர் “வால்வு” என்ற வார்த்தையைச் சொன்ன அன்றே ரேஷன் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளியின் பெயர் இரண்டிலும் இருக்கிறதா, இனிஷியலும் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் ஒரு வாரம் அலைச்சல். வருமானச் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். அட்மிட் ஆன பிறகு வி.ஏ.ஓ.வைத் தேடி ஓடுவது பெரிய கொடுமை.

அடுத்து, இந்த 5 லட்சம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பணம் அல்ல. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிப் பேக்கேஜ், தனித் தொகை. மருத்துவமனை முன்அனுமதி வாங்கித்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும். நீங்கள் முதலில் கட்டிவிட்டு அப்புறம் ரசீது காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளும் திட்டம் இல்லை இது. “இப்போ கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தர்றோம்” என்று சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள்.

சிறுதுளை ஆபரேஷன் என்ற பேச்சு வரும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். நெஞ்செலும்பை முழுதாகப் பிளக்காமல், வலது விலா இடுக்கில் சின்ன வெட்டுப் போட்டோ, எலும்பின் மேல்பகுதியை மட்டும் திறந்தோ வால்வை மாற்றுவார்கள். தழும்பு சிறிது, எழுந்து நடமாடுவதும் பெரும்பாலும் சீக்கிரம். ஆனால் உள்ளே நடப்பது அதே ஆபரேஷன்தான். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரமும் உண்டு, அதன் குழாய்கள் பெரும்பாலும் தொடை இடுக்கு வழியாகப் போகும். எல்லா நோயாளிக்கும் இது ஒத்துவராது. கூடவே பைபாஸும் தேவை என்றால் பெரும்பாலும் வழக்கமான வெட்டுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம், “கார்டுல பெரிய வெட்டுக்குத்தான் பணம் வரும், சின்ன வெட்டுக்கு மிச்சத்தை நீங்க போடுங்க” என்று சொல்லி நகையை அடகு வைக்க வைத்தார்கள். இப்படிக் கேட்டால் இரண்டே கேள்வி போதும். எந்தப் பேக்கேஜில் அனுமதி கேட்டிருக்கிறீர்கள்? கூடுதல் பணம் எதற்கு என்று எழுதித் தருவீர்களா? பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே பின்வாங்கிவிடுவார்கள்.

தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய மைட்ரல் வால்வாக இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: பலூன் வைத்து விரிக்க முடியுமா? தொடை ரத்தக்குழாய் வழியாகவே போய்விடலாம், நெஞ்சில் வெட்டே இல்லை. இடது மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது, வால்வில் கசிவும் அதிகமாக இருக்கக் கூடாது. அதை எக்கோவில் பார்த்துச் சொல்வார்கள்.

வாசலில் திட்டத்தின் போர்டு தொங்குவதை மட்டும் நம்பி அட்மிட் ஆகாதீர்கள். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அங்கீகாரம். எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற மருத்துவமனை இதய அறுவைக்குப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. 1800 425 3993 கட்டணமில்லா எண். அதில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அனுமதி மறுத்தாலும் பணம் பிடுங்கினாலும் அதே எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசையவில்லையா, திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வால்வின் வகை, அளவு, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. பல் பிடுங்கப் போனாலும் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.