போனை எடுத்தால் மகஜர் கேளுங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் கடல் அட்டை வழக்குகளில் சரக்கோடு சேர்ந்து செல்போன்களும் ஸ்டேஷனுக்குப் போயிருக்கும். பிடிபட்டவர் போன் மட்டுமல்ல, கரையில் நின்றவர், வல்லத்துக்கு டீசல் கொண்டு வந்தவர் போனும் போகும். "ஐயா கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்பார்கள். லாக் நம்பரையும் சொல்லியிருப்பார்கள். கையில் மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினார்கள் என்று எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடும் பட்டியல், என்று ஒரு துண்டுச்சீட்டு இருக்காது.

போலீசுக்கு அதிகாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குற்றத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்க இடமிருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி போனைக் கைப்பற்றலாம். உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். கைப்பற்றுவதையும் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது 105-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, வழக்கும் இல்லாமல் காரணமும் சொல்லாமல் வாட்ஸ்அப்பை மேய அந்தச் சட்டத்தில் இடமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

லாக் நம்பர் விஷயம் சிக்கலானது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). கைரேகை இதில் வராது என்பது 1961-லேயே முடிந்த கதை. பாஸ்வேர்டில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை: 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கேட்கலாம் என்றது, 2022-இல் டெல்லி சிபிஐ நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. கட்டாயப்படுத்த முடியாது என்பதே சரி என்பது என் கருத்து. மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பது வாக்குமூலம்தான். எப்படியும், கோர்ட் உத்தரவு கேட்காமல் நீங்களாக நம்பரைச் சொன்னால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை.

"தப்பா எடுத்திருந்தா கோர்ட்ல தள்ளிருவாங்கல்ல சார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2014-இல் ரைலி வழக்கில், கைதானவரின் போனைப் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றார்கள். அங்கே முறைகேடாக எடுத்த ஆதாரத்தைத் தள்ளுவதும் உண்டு. நம் நாட்டில் அப்படியில்லை. சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த ஆதாரம் வழக்குக்குப் பொருத்தமானதென்றால் ஏற்கலாம் என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் போனை வாங்கும் அந்த நிமிடத்தில் நீங்கள் கேட்கும் காகிதம்தான் உங்களுக்குக் காவல்.

தள்ளுமுள்ளு வேண்டாம். "ஐயா, எந்த கேஸ்? மகஜர் காப்பி குடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஸ்விட்ச் ஆஃப் செய்து கொடுங்கள். எதையும் அழிக்காதீர்கள், அது தனி வழக்காகிவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மகஜர் தர மறுத்தால் அன்றைக்கே எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.

கடலுக்குப் போகிறவனுக்குப் படகுப் பதிவின் நகல், ஆதார், ஏலக்காரர் கணக்கு, இலங்கையில் பிடிபட்ட அண்ணனைப் பற்றி வந்த செய்தி எல்லாம் அந்த ஒரு போனில்தான். திரும்பப் பெற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். கைப்பற்றிய பொருளைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவுக்கு போன் வாங்கிய பில்லும், ஐஎம்இஐ எனும் போனின் தனி அடையாள எண்ணும் வேண்டும். இப்போதே *#06# அழுத்தி அந்த எண்ணை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.