உங்கள் வீட்டை இங்கிலீஷில் என்னவென்று சொல்வீர்கள்?

சென்னை தண்டையார்பேட்டையில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைகள். குரூப் டிஸ்கஷன் என்றாலே தலைப்பு ஏதாவது சமூகப் பிரச்சனையாகத்தான் இருக்கும்.

ஒருநாள் வீட்டு வசதி பற்றிப் பேசச் சொன்னேன். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலிருந்து வரும் பெண் எழுந்து, "வி ஆர் என்க்ரோச்சர்ஸ்" என்று தெளிவாக ஆரம்பித்தாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்க ஆயாவே அங்கதான் பொறந்துச்சு மிஸ்" என்றாள்.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் பேப்பர் படித்து வார்த்தை சேர்க்கச் சொன்னது நான்தான். என்க்ரோச்சர், எதிரே ஆக்கிரமிப்பாளர். அர்த்தம் சரி. ஆனால் அது அடுத்தவர் இடத்தைப் பிடித்தவர் என்று குற்றம் சாட்டும் சொல். அதை நாமே நம் குடும்பத்தின் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ரெசிடென்ட்ஸ் என்று சொல்லலாம். பட்டா இல்லையென்றால் "வி டோன்ட் ஹேவ் எ பட்டா" என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

ஸ்லம் என்ற வார்த்தை கொஞ்சம் சிக்கலானது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் இங்கிலீஷ் பெயரிலேயே அது இருந்தது. 2021-ல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆனால் 1971-ம் வருஷத் தமிழ்நாட்டுக் குடிசைப் பகுதிகள் சட்டப்படி ஸ்லம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. அதனால் மனுவில் அந்த வார்த்தை வேண்டும். ஊரைக் கேட்டால் வியாசர்பாடி என்று பெயரைச் சொன்னால் போதும்.

பிள்ளைகள் அதிகம் குழம்புவது வீடு இடிபட்டதைச் சொல்லும்போதுதான். நகரத்தின் தென்கோடியில் இருக்கும் வாரியக் குடியிருப்புக்கு அனுப்பியதை, "தே ஷிஃப்டட் அஸ் டு பெரும்பாக்கம்" என்பார்கள், ஏதோ பீரோவை நகர்த்திய மாதிரி. இதில் மூன்று வார்த்தைகளைப் பிரித்துப் பழக வேண்டும். இருந்த வீட்டிலிருந்து வெளியேற்றுவது எவிக்‌ஷன். வேறு இடத்தில் வீடு கொடுப்பது ரீசெட்டில்மென்ட். அந்தப் புது இடத்தில் வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் கிடைத்து வாழ்க்கை பழையபடி நிமிர்வதுதான் ரீஹேபிலிட்டேஷன். என் மாணவர் ஒருவரின் அம்மா பாரிமுனைப் பக்கம் வீட்டு வேலை செய்தவர். அந்தத் தென்கோடிக்குப் போனதும் அந்த வேலையே போய்விட்டது. அவர்களுக்குக் கிடைத்தது ரீசெட்டில்மென்ட் மட்டும். இதை ரீஹேபிலிட்டேஷன் என்று எழுதினால், போன வேலை கணக்கிலேயே வராது.

எண்ணூர்ப் பையன் ஒருவன் 2023 டிசம்பரைப் பற்றிப் பேசினான். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்து வலையிலும் படகிலும் அப்பிக்கொண்ட கதை. "நேச்சுரல் டிசாஸ்டர்" என்று முடித்தான். மழை இயற்கை, சரி. எண்ணெயை எந்த மேகம் கொண்டுவந்தது? அது ஆயில் ஸ்பில், இண்டஸ்ட்ரியல் பொல்யூஷன். அப்படிச் சொன்னால்தான் அடுத்த வார்த்தையும் சரியாக வரும். ரிலீஃப் என்பது கஷ்டத்தில் இருப்பவருக்குச் செய்யும் உதவி. காம்பன்சேஷன், இழப்பை உண்டாக்கியவர் கொடுக்க வேண்டியது. தமிழிலும் நாம் நிவாரணம், இழப்பீடு இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம்.

சாக்கடைக் குழியில் இறங்கி ஒருவர் இறந்தால் ஆக்சிடென்ட் என்று எழுதாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதையே, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. ஹசார்டஸ் கிளீனிங் என்பது அந்தச் சட்டத்தின் சொல். அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் காம்பன்சேஷன் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம், "கமிட்டட் சூசைட்" வேண்டாம். கமிட் என்பது கொலை, கொள்ளையோடு வரும் வினை. "டைட் பை சூசைட்" என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் "மை ஃபேமிலி ஹாஸ் லிவ்ட் பை தி கெனால் ஃபார் த்ரீ ஜெனரேஷன்ஸ்" என்று ஆரம்பித்தாள். நோட்டில் என்க்ரோச்சரை அவள் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் "அவங்க சொல்றது" என்று எழுதி வைத்திருந்தாள்.