பரவல், பெருக்கம், களைவு: அணு ஆயுதச் சொற்களின் பொருள்

‘அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை’ என்று செய்தித்தாளில் அடிக்கடி ஒரு வரி வரும். எந்த ஒப்பந்தம் என்று கேட்டால் பதில் சிக்கலாகிவிடும். 1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அணு ஆயுதம் இல்லாத நாடுகள் இனி அதைப் பெறக் கூடாது என்பது அதன் சாரம். 2017-இல் ஐ.நா.வில் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறிய இன்னொன்று, அணு ஆயுதத்தை யாருமே வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடையில், 1996-இல் வந்த சோதனைத் தடை ஒப்பந்தம் வேறு இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் இந்த மூன்றிலுமே சேரவில்லை. ஆனால் சேராததற்குச் சொல்லும் காரணங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

முதல் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பெயர் ‘அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்’. தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘பரவல்’ என்பதை வெட்டினால், படிப்பவர் 2017 ஒப்பந்தம் என்றுதான் நினைப்பார். அதனால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரவல் என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தின் புரோலிஃபரேஷன். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீனில் இருக்கிறது: ‘புரோலெஸ்’ என்றால் மகவு, சந்ததி, ‘ஃபெரே’ என்றால் தாங்குதல், சுமத்தல். இரண்டும் சேர்ந்தால் குட்டி போட்டுப் பெருகுவது என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் இதை உயிரியலில்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காவதைக் குறிக்க இன்றும் மருத்துவத்தில் இதே சொல்தான். அங்கே நாம் ‘செல் பெருக்கம்’ என்றுதான் எழுதுகிறோம், ‘செல் பரவல்’ என்று எழுதுவதில்லை.

அப்படியானால் அணு ஆயுதத்துக்கு மட்டும் ஏன் பரவல்?

இதற்கு விடை 1960-களின் பேச்சுவார்த்தைகளில் இருக்கிறது. இந்தக் கவலையை ஐ.நா.வில் முதலில் விடாப்பிடியாக எழுப்பியவர் அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் ஐக்கன். 1958-இல் தொடங்கிய அவருடைய முயற்சி 1961-இல் தீர்மானமாக நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தின் பெயரில் இருந்த சொல் டிஸ்ஸெமினேஷன், அதாவது விதை தூவுவதுபோல் பரப்புதல். வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பதே அப்போது பெரிய பயமாக இருந்தது. புரோலிஃபரேஷன் முன்னுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அது இன்னும் அகலமான சொல்: பிறருக்குக் கொடுப்பதோடு, தானே செய்து பெருக்குவதும் அதில் அடங்கும்.

இந்தியா உள்ளிட்ட அணிசேரா நாடுகள் அந்த அகலமான பொருளைப் பிடித்துக்கொண்டன. புதிதாக ஒரு நாடு குண்டு செய்வது பெருக்கம் என்றால், ஏற்கெனவே வைத்திருக்கும் நாடு மேலும் நூறு செய்வதும் பெருக்கம்தானே என்பது அவர்கள் வாதம். 1965 நவம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய 2028-ஆம் எண் தீர்மானத்தில் அந்த வாதம் இடம்பிடித்தது. அணு வல்லமை உள்ள நாடோ இல்லாத நாடோ, எவரும் நேராகவோ மறைமுகமாகவோ அணு ஆயுதங்களைப் பெருக்க இடம்தரும் ஓட்டை வரப்போகும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது என்று அது சொன்னது.

1968-இல் வந்த ஒப்பந்தம் அந்த அளவுக்குப் போகவில்லை. முதல் இரண்டு பிரிவுகள் கொடுப்பதையும் பெறுவதையும் தடுத்தன. 1967 ஜனவரி 1-க்கு முன் குண்டு செய்து வெடித்த நாடுகளே அணு ஆயுத நாடுகள் என்று 9-ஆம் பிரிவு கோடு கிழித்தது. 1964-இல் வெடித்த சீனா கோட்டுக்கு உள்ளே வந்தது. 1974-இல் பொக்ரானில் வெடித்த இந்தியா வெளியே நின்றது. வைத்திருப்பவர்கள் குறைக்க வேண்டாமா என்றால், நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவோம் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. எப்போதைக்குள் என்று அதில் தேதி இல்லை. இதை ஒரு பெரிய அநீதி என்று இந்தியா இன்றுவரை சொல்லிவருகிறது. அதில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஒப்பந்தம் வந்தபிறகும் வல்லரசுகளின் கையிருப்பு ஏறிக்கொண்டே போய், 1980-களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன.

ஆக, ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை வைத்துப் பார்த்தால் பரவல் சரியான மொழிபெயர்ப்புதான். ஒப்பந்தத்தின் ரஷ்ய மூலத்திலும் பரவுதல் என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது. இந்தியில் ‘அப்ரசார்’, உருதுவில் ‘அதம் பைலாவ்’ என்கிறார்கள். இரண்டுமே பரவாமையைக் குறிப்பவை. ‘தடை’ மட்டும் தமிழ் சேர்த்துக்கொண்டது. கண்டிப்பாகப் பார்த்தால் கல்லாமை, கொல்லாமை போல ‘பரவாமை’ என்பதே நேர்ச்சொல். ஆனால் ‘பரவல் தடை’ ஊன்றிவிட்டது. ஒப்பந்தத்தின் பெயராக அது அப்படியே இருக்கட்டும்.

சிக்கல் வருவது இந்தியா, பாகிஸ்தான் பற்றி எழுதும்போது. 1998 மே மாதம் 11, 13 தேதிகளில் இந்தியா பொக்ரானில் சோதனை செய்தது. 28, 30 தேதிகளில் பாகிஸ்தான் பலூசிஸ்தானில் பதில் சோதனை செய்தது. 2025 தொடக்கத்தில் இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 அணுகுண்டுகள் இருந்ததாக ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணித்தது. இதைப் ‘பரவல்’ என்று எழுதினால் அர்த்தம் நிற்காது. அந்தக் குண்டுகள் வேறெந்த நாட்டுக்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே எண்ணிக்கை கூடியது. இது பெருக்கம். ஆனால் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான், யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழலிகளின் தொழில்நுட்பத்தை லிபியா, ஈரான், வட கொரியாவுக்குக் கொண்டுசேர்த்தார்; 2004 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் தோன்றி, வெளியே கொடுத்ததை ஒப்புக்கொண்டார். அது பரவல். வல்லுநர்கள் முந்தையதைச் செங்குத்துப் பரவல் என்றும் பிந்தையதைக் கிடைப் பரவல் என்றும் சொல்வார்கள். தமிழில் பெருக்கம், பரவல் என்று இரண்டு நல்ல சொற்கள் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி நமக்கு வேண்டாம்.

அப்புறம், களைவு. டிஸார்மமென்ட் என்பதற்கு ஆயுதக் குறைப்பு, ஆயுத ஒழிப்பு, ஆயுதக் களைவு என மூன்றும் புழங்குகின்றன. களைதல் என்றால் அகற்றுதல், நீக்குதல். ஆடை களைதல், ‘இடுக்கண் களைவதாம் நட்பு’ என்பதில் உள்ள அதே சொல். தன்மேல் இருப்பதைத் தானே கழற்றிவைக்கும் பொருளும் அதற்கு உண்டு என்பதால் எனக்கு அதுவே பிடிக்கிறது. தூய தமிழ் வேண்டுவோர் ‘படைக்கலக் களைவு’ எனலாம். குறைப்பு வேறு: 1987-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நடுத்தூர ஏவுகணைகளை அழிக்க ஒத்துக்கொண்டன, மற்ற ஆயுதங்கள் இருவரிடமும் இருந்தன. தென்னாப்பிரிக்கா செய்ததுதான் முழுக் களைவு. ஆறு குண்டுகளைச் செய்து, தானே பிரித்துப் போட்டுவிட்டு, 1993 மார்ச்சில் அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் அதை அறிவித்தார்.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே பெருக்கத்தை நிறுத்தவோ களையவோ ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருப்பவை ஆபத்தைத் தணிக்கும் ஏற்பாடுகள். 1988 டிசம்பர் 31-இல் பிரதமர்கள் ராஜீவ் காந்தி, பேநசீர் பூட்டோ முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் தூதரக வழியாகப் பட்டியல்கள் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன. ஒவ்வொரு நிலையத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்க வேண்டும். மின் உலைகளும் ஒப்பந்தத்தின் வரையறைக்குள் வருவதால் கல்பாக்கமும் கூடங்குளமும் அதில் அடங்கும். 1992-இல் தொடங்கிய இந்த வழக்கம், எல்லையில் படைகள் எதிரெதிரே நின்ற 2002 ஜனவரியிலும் நிற்கவில்லை. மும்பைத் தாக்குதல் நடந்து ஐந்தே வாரத்தில் வந்த 2009 ஜனவரியிலும் நிற்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் இல்லாத ஒரு சொல் ‘சரிபார்ப்பு’. அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஒரு காலத்தில் இதேபோல் ஒன்றையொன்று சந்தேகித்த அண்டை நாடுகள்; யுரேனியச் செறிவூட்டலில் போட்டி போட்டவை. 1985-இல் அதிபர்கள் அல்ஃபோன்சினும் சார்னேயும் பேசத் தொடங்கினார்கள். பிறகு ஒருவர் நாட்டு அணு நிலையத்துக்கு மற்றவர் நேரில் போனார்கள். 1991-இல் இரு நாடுகளும் சேர்ந்து ரியோ டி ஜெனீரோவில் ஒரு பொது முகமையே அமைத்தன. அர்ஜென்டினா ஆய்வாளர் பிரேசில் நிலையத்துக்குள் போய் அணுப்பொருளை எண்ணிப் பார்ப்பார். பிரேசில் ஆய்வாளர் அர்ஜென்டினாவுக்குப் போவார். டெல்லியும் இஸ்லாமாபாத்தும் மாற்றிக்கொள்ளும் பட்டியலுக்கு அப்படி ஒரு ஆய்வாளர் கிடையாது. எதிர்த்தரப்பு எழுதிக்கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.