மல்பே தீவுல தூண் தூணா நிக்கிற பாறைகளை யாரும் செதுக்கல

உடுப்பி போறவங்க நிறைய பேர் கிருஷ்ணர் மடம், கனகன கிண்டி (கிருஷ்ணரப் பாக்கிற சின்ன ஜன்னல்), மடத்துச் சாப்பாடு, அதோட வண்டிய கொல்லூர் பக்கம் திருப்பிடுவாங்க. ஆனா அங்கேருந்து 6 கிலோமீட்டர் தள்ளி மல்பே, அதுக்கு எதிர்ல கடலுக்குள்ள செயின்ட் மேரிஸ் தீவுகள் இருக்கு, அதப் பாக்காம வந்தா பாதி ட்ரிப் வேஸ்ட்னு சொல்வேன். காலைலயே போட் புடிச்சுப் போயிடுங்க, வெயில் ஏறினா பாறைல நிக்க முடியாது. கோயில சாயங்காலம் பாத்துக்கலாம். மழைக்காலத்துல போட் கிடையாது.

13ஆம் நூற்றாண்டுல மத்வாச்சாரியார் நிறுவின கிருஷ்ணர் சிலை மல்பே கடல்ல புயல்ல மாட்டின கப்பல்லேருந்துதான் கிடைச்சதுன்னு தல வரலாறு, வாஸ்கோடகாமா தீவுக்கு மேரி மாதா பேர வச்சாருன்னு இன்னொரு கதை. பாறையோட கதை இதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது, கிட்டத்தட்ட 9 கோடி வருஷம்.

தீவுல பாறை ஒரே குண்டா இருக்காது. பக்கத்துல பக்கத்துல ஒட்டி நிக்கிற பட்டை பட்டையான தூண்கள், சிலது ஆளுயரத்தத் தாண்டும், தலைய மேலேருந்து பாத்தா அறுகோணம். பாத்தவுடனே யாரோ அடுக்கி வச்ச மாதிரிதான் தோணும், ஆனா இது மொத்தமும் எரிமலைக் குழம்பு ஆறினப்போ தானா வெடிச்சது.

குழம்பு கெட்டியாயிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனைப்போம், உண்மையில அப்பதான் ஆரம்பிக்குது. கெட்டியான பாறையும் பல நூறு டிகிரி சூட்டுல இருக்கும், ஆற ஆற சுருங்கும், ஆனா இவ்ளோ அகலமா பரவிக் கிடக்கிற பாறை மொத்தமா ஒரு பக்கமா சுருங்க முடியாதுல்ல, அதனால உள்ளுக்குள்ளயே இழுவை ஏறி ஏறி ஒரு கட்டத்துல வெடிச்சிடும். 2018ல லிவர்பூல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐஸ்லாந்துலேருந்து வந்த பசால்ட்ங்கிற கருப்பு எரிமலைப் பாறைய லேப்ல சூடாக்கி ஆறவிட்டுப் பாத்தாங்க: 980 டிகிரி வாக்குல கெட்டியாகுற பாறை 840லேருந்து 890 டிகிரிக்குள்ளயே வெடிக்குது, அதாவது இன்னும் செக்கச்செவேல்னு இருக்கிறப்பவே.

சரி, ஏன் அறுகோணம்? மூணு வெடிப்பு ஒரு புள்ளில 120 டிகிரி கோணத்துல சந்திச்சா, குறைஞ்ச நீள வெடிப்புல அதிக இழுவை தணியும், அறுகோணத்தோட ஒவ்வொரு மூலையும் அதே 120 டிகிரிதான். ஆனா மேற்பரப்புல முதல்ல விழுற வெடிப்பு இப்படி ஒழுங்கா இருக்காது, தாறுமாறா ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், பாறை மேலேருந்து உள்நோக்கி ஆற ஆற வெடிப்பும் பின்னாடியே இறங்கும், இறங்கும்போதுதான் கோணம் கொஞ்சம் கொஞ்சமா சரியாகுது. அதனால எல்லாத் தூணும் ஆறு பட்டைன்னு நம்பிடாதீங்க, அஞ்சும் ஏழும் தாராளமா இருக்கும், எண்ணிப் பாருங்க.

வெடிப்பு ஒரே மூச்சுல இறங்குறதும் இல்ல. கொஞ்சம் வெடிக்கும், நிக்கும், அடுத்த அடுக்கு ஆறினதும் மறுபடி வெடிக்கும். இந்த மாதிரி தூண்களோட பக்கவாட்டுல குறுக்குக் குறுக்கா மெல்லிசு பட்டிகள் ஓடும், ஒவ்வொண்ணும் ஒரு தடவ வெடிச்சதுக்கான தடம். மெதுவா ஆறினா தூண் தடியா வரும், சட்டுனு ஆறினா ஒல்லி. தூண் சாஞ்சிருந்தா, குழம்பு ஆறின பரப்பே சாய்வா இருந்திருக்கலாம், ஏன்னா வெடிப்பு எப்பவும் அந்தப் பரப்புக்குச் செங்குத்தாத்தான் போகும்.

வீட்லயே பாக்கணும்னா கார்ன்ஃப்ளவர்ல சம எடை தண்ணி கலந்து ஒரு பல்புக்குக் கீழ நாள்கணக்கா காயவிடுங்க, உடைச்சுப் பாத்தா உள்ள குட்டி குட்டித் தூணா நிக்கும். அங்க சூடு போறதுக்குப் பதிலா ஈரம் போகுது, கணக்கு ஒண்ணுதான்.

இந்தத் தீவுப் பாறைல இன்னொரு விஷயமும் இருக்கு. உலகத்துல இப்படித் தூண் பெரும்பாலும் பசால்ட்லதான் பாப்போம், அயர்லாந்து தீவோட வடக்குல இருக்கிற ஜயன்ட்ஸ் காஸ்வே அப்படித்தான், இங்க சிலிக்கா (மணல்ல இருக்கிற பொருள்) அதிகமான ரியோலைட், டேசைட் வகை எரிமலைப் பாறை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிஞ்ச காலத்துல வெளிய வந்த குழம்பு இது, ஏறக்குறைய அதே வயசு எரிமலைப் பாறைகள் மடகாஸ்கர்லயும் கிடக்கு. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் இத தேசிய புவியியல் நினைவுச்சின்னமா அறிவிச்சதுக்கு இந்தப் பாறைதான் காரணம், பீச் இல்ல.