பத்துக் கோழி வளர்ப்பவர்கள் பறிகொடுப்பது எங்கே?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கோழி மேயாத தெருவைக் காண்பது அரிது. தீவனச் செலவு சொற்பம், முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கால்நடை மருந்தகத்தில் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "பத்துக் குஞ்சு பொரிச்சுச்சு டாக்டர், ரெண்டுதான் தேறுச்சு." அந்த எட்டும் போனது இரண்டே வழியில். ஒன்று, ஏதோ ஒன்று பிடித்துத் தின்றிருக்கும். இல்லாவிட்டால் நோய் வாரிக்கொண்டு போயிருக்கும். இதற்காகக் கோழியை நாள் முழுக்கக் கூண்டில் போட வேண்டாம். பகலில் தாராளமாக மேயட்டும். இராத்தங்கும் இடமும் தடுப்பூசித் தேதியும் சரியாக இருந்தால் பெரும்பாலான இழப்பைத் தவிர்த்துவிடலாம்.

முதலில், பிடித்தது எது என்று தெரிய வேண்டும். நம் பக்கம் எல்லாப் பழியும் கீரி மேல்தான் விழும். கீரி பகலில் வேட்டையாடுகிற பிராணி. காலையிலோ பிற்பகலிலோ வேலியோரம் மேய்கிற குஞ்சும் பெட்டையும் காணாமல் போனால் கீரியைச் சந்தேகிக்கலாம். நள்ளிரவில் கூட்டுக்குள் சத்தம் கேட்டு, விடிந்து பார்த்தால் இரண்டு மூன்று கோழி கழுத்து கடிபட்டுக் கிடக்கிறதென்றால் அது பெரும்பாலும் மரநாய் வேலை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் ஏராளம். அந்த ஓட்டுக் கூரைகளின் அடியில் மரநாய் பகலெல்லாம் படுத்திருந்து, இருட்டியதும் இறங்கி வரும். நன்றாக மரம் ஏறும். அதனால் சுவரைப் பலப்படுத்திவிட்டுக் கூரையை ஓலையோடு விட்டுவிடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார்கள். நாலு இறகு மட்டும் கிடந்து முழுக் கோழியும் மாயமாகியிருந்தால் காட்டுப்பூனை, நரி அல்லது தெருநாய். முட்டை ஓடு கூட மிஞ்சாமல் போயிருந்தால் பாம்பு. குஞ்சைப் பாதி தின்று வளைக்குள் இழுத்துப் போட்டிருந்தால் பெருச்சாளி.

விஷம் வைப்பது, கண்ணி போடுவது வேண்டவே வேண்டாம். கீரி, மரநாய், உடும்பு, பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விஷம் வைத்த இடத்தில் முதலில் சாவது பெரும்பாலும் நம் கோழியும் பக்கத்து வீட்டு நாயுமாகத்தான் இருக்கும்.

இனி கூடு. பத்து நாட்டுக்கோழிக்கு நான்கடி நீளம், மூன்றடி அகலம், நின்று சுத்தம் செய்ய முடிகிற உயரம் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, அடியில் இடைவெளி விட்ட பலகையோ கம்பி வலையோ போட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும், ஈரம் தங்காது. வலை வாங்குகிறபோதுதான் பலர் தவறுகிறார்கள். கடையில் 'கோழி வலை' என்று தருகிற அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும், வெளியே இருந்து வருவதை அது தடுக்காது. அந்தக் கண்ணி வழியே பாம்பும் எலியும் தாராளமாக நுழையும், மெல்லிய கம்பியை நாய் பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணியுள்ள, கம்பிகளை வெல்டிங் வைத்த வலை வாங்குங்கள். காசு கூடத்தான் ஆகும். இரண்டு பெட்டைக் கோழி விலையை நினைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும். நான்கு பக்கமும் கூரைக்கு அடியிலும் வலை ஓட வேண்டும். கூடு தரையிலேயே உட்கார்ந்திருந்தால், வலையைச் சுற்றிலும் ஒரு அடி வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும், அங்கே கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். கதவுக்குக் கயிறு கட்டுவது, கல்லை முட்டுக்கொடுப்பது எல்லாம் சரிப்படாது. கொண்டி போட்டு, அதில் ஒரு ஆணியோ பூட்டோ மாட்டுங்கள்.

கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குச் சீமைக்கருவேல் புதர் இருக்கக் கூடாது. பதுங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. காலையில் முட்டை எடுக்க இருட்டில் கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், நல்ல பாம்பு சுருண்டு படுத்திருப்பது அபூர்வமல்ல. இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சாயங்காலம் கோழியைத் துரத்தி அடைக்கிற பாடு வேண்டாமென்றால், கம்போ நொய்யோ தவிடு கலந்து கோழிக்கு முப்பது, நாற்பது கிராம் என்று கூட்டுக்குள்ளேயே, தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். கொஞ்ச நாளில் தானாக வந்து அடையும். மரத்தில் அடைகிற கோழியை முதல் வாரத்திலேயே இறக்கிப் பழக்குங்கள், விட்டுவிட்டால் பிறகு கடினம்.

பகலில் பயப்பட வேண்டியது குஞ்சுக்குத்தான். வல்லூறு, பருந்து, காகம் மூன்றும் ஆறு வாரம் வரைக்கும் குறி வைக்கும். முதல் மூன்று வாரம் தாயோடு பஞ்சாரத்துக்குள் வைத்து, காலையிலும் மாலையிலும் ஆள் பார்வையில் விடுங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை மாதிரி தாழ்ந்த செடி கொல்லையில் இருந்தால் தாய் கத்தியதும் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் கிடைக்கும். குஞ்சின் புரதத்துக்கு நம் ஊர்க் கரையானே போதும். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும்.

நோயில் முதலில் சொல்ல வேண்டியது வெள்ளைக்கழிச்சல். 1927இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் நம் நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய், இன்றைக்கும் கொல்லைக் கோழியின் முதல் எதிரி அதுதான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பிப் பிழைத்ததில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே சாகலாம். வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு அரைத்துக் கொடுப்பதைத் தடுக்கப் போவதில்லை, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி அட்டவணை எளிது. பொரித்த ஏழு நாளுக்குள் எஃப் ஸ்ட்ரெயின் அல்லது லசோட்டா என்ற சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரம் லசோட்டா மறுபடியும். எட்டாவது வாரம் அதே நோய்க்கான ஆர்2பி என்ற ஊசி, இறக்கையடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. இந்தக் கடைசி ஊசி வீரியமானது, சின்னக் குஞ்சுக்கு அவசரப்பட்டுப் போட்டால் கால் இழுத்துக்கொண்டு செத்துப்போகும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள், புழு நிறைந்த கோழிக்கு எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது. சீக்குக் கோழிக்கு ஊசி போடக் கூடாது.

போட்டும் செத்தது என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் மருந்து வெயிலில் வந்திருக்கும். உயிருள்ள வைரஸ் அது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டு வந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இன்னொரு சிக்கல், ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான மருந்து இருக்கும், நம்மிடம் இருப்பது பத்து. அதனால் தெருவே சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் சரி. பக்கத்து வீட்டுக் கோழி ஊசி போடாமல் மேய்ந்தால் நோய்க்கு வாசல் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, காசு கிடையாது. முகாம் நாளன்று ஊசி போடுகிறவர் வரும்வரை கூட்டைத் திறக்காதீர்கள். காலையில் அவிழ்த்துவிட்ட கோழியைப் பத்து மணிக்குப் பிடிக்க முடியாமல், குப்பியிலுள்ள மருந்து வீணாவது அடிக்கடி நடக்கிறது.

கழுத்து தொங்கினால் எல்லாம் வெள்ளைக்கழிச்சல் ஆகிவிடாது. கழுத்து திருகாமல், துவண்டு தரையில் கிடந்து, இறக்கையும் காலும் தளர்ந்திருந்தால் அழுகியதைத் தின்ற விஷமாக இருக்கலாம். கல்யாண வீட்டு மிச்சத்தைக் குழி தோண்டாமல் கொல்லையில் கொட்டுவதும், செத்த எலியைப் புழு வைக்க விடுவதும்தான் அதற்குக் காரணம். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும். நமக்கு ஆகாததைக் கோழிக்குப் போடலாம் என்ற பழக்கத்தை விட வேண்டும்.

சித்திரை வெயிலில் தண்ணீர்தான் மருந்து. ஒரு கோழி சாதாரணமாகக் கால் லிட்டர் குடிக்கும், கோடையில் இரண்டு மடங்காகும். நிழலில் மண்சட்டியில் வைத்து மதியம் ஒருமுறை மாற்றுங்கள். தகரக் கூரையானால் மேலே பனையோலை வேய்ந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கூடு நசநசவென்று இருந்தால் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில் சிவப்பைக் கண்டதும் மருந்தகத்துக்கு வாருங்கள், ஒரு நாள் தாமதித்தாலும் கூட்டம் குறையும்.

வாரம் ஒருமுறை ஒரு கோழியைப் பிடித்து வாலடியில் இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகத் திரண்டு ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை. கோழி புரள ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு வையுங்கள். கோழி இளைத்து, கொண்டை வெளுத்து, உடம்பில் ஒன்றும் தென்படாவிட்டால் இரவில் டார்ச்சோடு கூட்டின் மண்சுவர் வெடிப்பைப் பாருங்கள். கோழி உண்ணி பகலில் அங்கே ஒளிந்து இரவில்தான் இரத்தம் குடிக்கும். வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோய் வந்ததும் மிச்சக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது பெரிய தீங்கு. அதே சந்தையில் வாங்கியவர் வீட்டுக்கு நோய் போகிறது, அங்கிருந்து அடுத்த ஊருக்கு. செத்ததைக் கண்மாய்க் கரையில் வீசினால் நாயும் காகமும் கொண்டுபோய்ப் பரப்பும். மூன்றடி ஆழத்தில் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுங்கள். ஒரே நாளில் பல கோழி திடீரென்று செத்தால் எதையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலா என்று பார்க்க வேண்டியிருக்கும். புதிதாக வாங்கிய கோழியானாலும், உறவினர் தந்த சேவலானாலும், மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே கூட்டத்தோடு விடுங்கள். நோய் வந்து ஓய்ந்த கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதம் வெயில் பட காலியாகப் போடுங்கள். அதற்கப்புறம் ஊசி போட்ட கோழியை ஏற்றலாம்.