நாட்டிக்கல் மைல் – கடல் மைல்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட வான்வழித் தொலைவைத் தேடிப் பார்ப்பவர்கள், கிலோமீட்டர், மைல் ஆகியவற்றோடு ‘நாட்டிக்கல் மைல்’ என்ற மூன்றாவது அளவையும் காண்பதுண்டு. இதற்குத் தமிழில் வழங்கும் சொல் ‘கடல் மைல்’. வானில் செல்லும் ஊர்திக்குக் கடலின் அளவு எதற்கு என்ற ஐயத்துக்கு, அச்சொல் பிறந்த விதமே விடை தருகிறது.

‘நாட்டிக்கல்’ என்பதன் வேர், கப்பலைக் குறிக்கும் ‘நவுஸ்’ என்ற கிரேக்கச் சொல். வடமொழியின் ‘நௌ’ இதற்கு உறவான சொல்லே. கடலோடும் நாவாயும் நிலத்தில் ஓடாது என்று திருக்குறள் (496) கூறும் ‘நாவாய்’க்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ‘மைல்’ என்பதோ ஆயிரத்தைக் குறிக்கும் ‘மில்லே’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உரோமானியப் படைவீரரின் ஆயிரம் இரட்டையடிகளே அவர்களது மைல்.

நில மைல் இவ்வாறு காலடியில் பிறந்தது. கடல் மைல் பூமியின் வளைவிலிருந்து பிறந்தது. வட்டத்தின் 360 பாகைகளில் ஒவ்வொன்றையும் 60 கலைகளாகப் பகுப்பது நம் வானநூல் மரபிலும் உள்ள வழக்கம். பூமியின் மேற்பரப்பில் ஒரு கலைக்கு உரிய நீளமே ஒரு கடல் மைல். பூமி முழு உருண்டையாக இல்லாததால் இந்நீளம் இடத்துக்கு இடம் சிறிது மாறும். நாடுகளும் வெவ்வேறு மதிப்புகளைக் கொண்டிருந்தன. 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை 1,852 மீட்டர் என வரையறுத்தது. 6,080 அடி என்ற தன் பழைய அளவைப் பிரிட்டன் 1970-இல்தான் கைவிட்டது.

விமானத்துக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம், உருண்டைப் பரப்பில் இரு நிலையங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, பூமியின் மையத்தை நடுவாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாக அமைவதே. வில்லின் கோணம் தெரிந்தால் தொலைவும் தெரிந்துவிடும். இலண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே அக்கோணம் ஏறத்தாழ 50 பாகை. 60-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 கடல் மைல், அதாவது சுமார் 5,550 கிலோமீட்டர்.

பயண நேரத்துக்கு உரிய ‘நாட்’ என்ற வேக அலகும் இதிலிருந்தே வருகிறது: ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். காற்றில்லாத நிலையில் 480 நாட் வேகத்தில் அத்தொலைவைக் கடக்க ஆறே கால் மணி நேரம் ஆகும். 80 நாட் எதிர்க்காற்று வீசினால் அது ஏழரை மணி நேரமாக நீளும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் ஐந்தரை மணி நேரத்துக்கும் குறையும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான் காற்றோட்டத்தால், நியூயார்க் நோக்கிய பயணம் திரும்பி வருவதைவிடப் பெரும்பாலும் நீள்கிறது.

‘நாட்’ என்பதற்கு முடிச்சு என்று பொருள். கப்பலிலிருந்து கடலில் விட்ட கயிற்றில் சீரான இடைவெளியில் முடிச்சுகள் இட்டு, மணற்கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கை நழுவுகின்றன என்று மாலுமிகள் எண்ணியதால் அப்பெயர் வந்தது. அதற்காக ‘480 முடிச்சு வேகம்’ என்று எழுதுவது தமிழில் பொருள் தராது; ‘மணிக்கு 480 கடல் மைல்’ என்பதே தெளிவு. அவ்வாறே ‘கடல்’ என்ற அடையை விட்டு வெறுமனே ‘மைல்’ என்று எழுதினால், 1,609 மீட்டர் கொண்ட நில மைலாக அது கொள்ளப்பட்டுக் கணக்கில் ஏழில் ஒரு பங்குக்கு நெருங்கிய பிழை நேரும்.