ஜிப்பாலி: யாரைக் குறிக்கிறது, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஜிப்பாலி என்பது ஓமானில் மலையில் வாழும் ஒரு மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் வழங்கும் பெயர். அதன் வேர்ச்சொல் நமக்குப் புதிதல்ல. வளைகுடாவில் ஒரு சொந்தக்காரராவது இருக்கிற வீட்டில் ஜெபல் அலி என்ற பெயர் காதில் விழாமல் இருந்திருக்காது. துபாய்த் துறைமுகம் இருக்கிற இடம். அந்த 'ஜெபல்' (ஏட்டு அரபியில் ஜபல், எகிப்தில் கபல்) என்றால் மலை, அவ்வளவுதான். ஜிப்ரால்டரும் இதே குடும்பம்: ஜபல் தாரிக், 711இல் கடல் தாண்டி ஸ்பெயினுக்குள் போன தாரிக் என்ற தளபதியின் மலை. ஸ்பானிய மொழியில் காட்டுப்பன்றிக்கு இருக்கும் பெயர்கூட அரபியின் 'ஜபலீ'யிலிருந்து வந்ததுதான். முதலில் 'மலைப்பன்றி' என்று முழுசாக இருந்து, நாளடைவில் பன்றி உதிர்ந்து மலை மட்டும் மிச்சமாம்.

சரி, ஜிப்பாலிக்கு வருவோம். ஜபலின் பன்மை ஜிபால். அதோடு 'அந்த இடத்தைச் சேர்ந்த' என்று பொருள் தரும் ஈகாரம் சேர்ந்தால் மலைகளைச் சேர்ந்தவர், மலைக்காரர். ஓமானின் தென்கோடியில், ஏமன் எல்லையை ஒட்டி, தோஃபார் மாநிலத்து மலைகளில் வாழும் மக்களுக்கும் அவர்கள் பேசும் மொழிக்கும் இந்தப் பெயர்தான் வழங்குகிறது. கமர், கரா, சம்ஹான் என்று மூன்று மலைத்தொடர்கள். கீழே கடலோரம் சலாலா நகரம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜிப்பாலி என்றதும் 'அரபியின் மலை வழக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ் மாதிரி ஒரு வட்டார வழக்கு என்ற நினைப்பு. அது இல்லை. இது அரபியிலிருந்து கிளைத்த மொழியே கிடையாது. செமித்திய மொழிக் குடும்பத்தில் நவீன தென்னரபிய மொழிகள் என்று தனிக்கிளை ஒன்று இருக்கிறது. மெஹ்ரி, சொகோத்ரி, ஹர்சூசி, ஹொபியோத், பத்ஹரி, ஜிப்பாலி என்று ஆறு. பெயரில் 'அரபிய' இருப்பது தீபகற்பத்தைக் குறிக்க மட்டும். அரபி மட்டும் தெரிந்த மஸ்கட்காரருக்கு ஜிப்பாலியில் இருவர் பேசிக்கொண்டால் அங்கங்கே சில சொற்கள் பிடிபடலாம், பேச்சு பிடிபடாது.

அவர்கள் தங்கள் மொழியை என்ன சொல்கிறார்கள்? தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட 'ஷ்ஹெரேத்'. அரபிக்காரர்கள் ஷெஹ்ரி, ஷஹ்ரி என்பார்கள். 'ஷ்ஹெர்' என்பதற்கு அந்த மொழியில் மலை, அதுவும் பச்சை பிடித்த மேய்ச்சல் மலை என்று பொருள். ஆக, பக்கத்து வீட்டு அரபி அந்தப் பெயரையே தன் மொழியில் பெயர்த்து ஜிப்பாலி ஆக்கிவிட்டது போலத்தான் இருக்கிறது.

அந்த 'ஷ்' நிஜத்தில் ஷ் இல்லை. 'ல்' சொல்ல நாக்கை மேலே ஒட்டுங்கள். குரல் கொடுக்காமல், நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதி விடுங்கள். உங்களுக்கு என்ன ஓசை வந்ததோ அதுதான். தமிழில் அதற்கு எழுத்து இல்லை, அரபியிலும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: அரபியைப் பெருமையாக 'ளாத் எழுத்தின் மொழி' என்பார்கள். அந்த ளாத் ஒலி பழங்காலத்தில் நாக்கின் பக்கவாட்டிலிருந்து பிறந்தது என்று 8ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி விவரித்திருக்கிறார். இன்றைய அரபியில் அந்த உச்சரிப்பு பெரும்பாலும் போய்விட்டது, இந்த மலைக்காரர்களின் பேச்சில் அதன் உறவுக்கார ஒலி பக்கவாட்டிலேயே பிறந்துகொண்டிருக்கிறது. ஒருமை, பன்மை தவிர 'நாம் இருவர்', 'நீங்கள் இருவர்' என்று இருமைக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். எழுத்து மரபு கிடையாது. கதை, பாட்டு, வைத்தியம் எல்லாம் வாய்வழி.

வெளியுலகுக்கு இந்த மொழி தெரியவந்தது 1830களில், ஜித்தாவில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனெல் மூலமாக. அவர் எழுதிய பெயர் 'எஹ்கிலி'. அதற்குக் காரணம், மலையில் வலுவாக இருந்த கரா குலத்தார் தங்கள் மொழியில் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர். அதனால் பழைய எழுத்துகளில் கராவி என்றும் வரும். அந்தப் பக்கம் ஷஹ்ரா என்று இன்னொரு குலம். இவர்கள்தான் மலையின் ஆதிக்குடிகள், பின்னால் வந்த கராவினரிடம் நிலத்தையும் மதிப்பையும் இழந்தவர்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. மொழியை ஷெஹ்ரி என்றால் ஷஹ்ரா குலத்துக்கு உரியது மாதிரி ஒலிக்கிறதே என்று மற்றவர்களுக்கு உறுத்தல். கராவி என்றால் ஷஹ்ராவினர் ஒப்புவார்களா? யாருடைய குலப்பெயரும் இல்லாத ஜிப்பாலி நிலைத்ததில் இந்தச் சங்கடத்துக்கும் பங்கு உண்டு. ஜான்ஸ்டன் என்ற ஆய்வாளரின் அகராதி 1981இல் இந்தப் பெயரோடுதான் வந்தது.

மலை என்றதும் மொட்டைப் பாறையை நினைக்க வேண்டாம். கேரளாவை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் கடைசியில் தோஃபாரையும் உரசிக்கொண்டு போகிறது. அதை 'கரீஃப்' என்கிறார்கள். செப்டம்பர் வரை மூடுபனியும் தூறலும், கடலைப் பார்த்த சரிவெல்லாம் பச்சை. அதனால்தான் அரேபியாவில் அபூர்வமாக இவர்களிடம் ஒட்டகம், ஆட்டோடு மாட்டு மந்தையும் இருக்கிறது. புல் காய்ந்த மாதங்களில் மாட்டுக்கு என்ன போடுவார்கள் தெரியுமா? கடற்கரை மணலில் பரப்பிக் காயவைத்த மத்திச் சாளை. மூட்டை மூட்டையாக மலைக்கு ஏறும். பெண்கள் பால் கறக்கக் கூடாது, அது ஆண்கள் வேலை என்பது பழைய வழக்கம். குகைகளிலும், வட்டமாகக் கல் அடுக்கிப் புல் வேய்ந்த தாழ்ந்த வீடுகளிலும் குடியிருந்தார்கள். ஆண்கள் நீளமுடி வளர்த்து, நெற்றியைச் சுற்றித் தோல்வார் கட்டி, அவுரிச் சாயம் தோய்த்த துணி உடுத்தினார்கள்.

மலையின் முதுகுப்புறம், மழை எட்டாத வறண்ட பக்கத்தில் வளர்வது லுபான் மரம். நம்மூரில் குந்திரிக்கம் என்று வாங்குகிறோமே, அதன் நெருங்கிய உறவு. பட்டையைச் சீவிவிட்டுச் சில வாரம் கழித்து, உறைந்த பாலைச் சுரண்டி எடுக்கிறார்கள். முதல் சீவலில் வருவது தரம் குறைவு. இந்தச் சரக்கை ஏற்றிய பழைய துறைமுகம், சலாலாவுக்குக் கிழக்கே இருக்கும் கோர் ரோரி (சும்ஹுரம்). அங்கே அகழ்ந்தபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று கிடைத்தது. 'ணந்தை கீரன்' என்று படித்திருக்கிறார்கள், காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. அந்தக் கீரன் காதில் மலைமொழி விழுந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சமயத்தில் இவர்கள் சுன்னி முஸ்லிம்கள், ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று). ஓமான் நாட்டின் அடையாளமான இபாதி பிரிவு இல்லை. இந்த விஷயத்தில் மஸ்கட்டைவிடக் காயல்பட்டினமும் கீழக்கரையும் இவர்களுக்கு நெருக்கம். அடக்கத்தலங்களுக்கு மரியாதை அதிகம். சலாலாவுக்கு மேலே மலையில் அய்யூப் நபியின் அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் இருக்கிறது, மிர்பாத்தில் பின் அலி என்ற பெரியவரின் இரட்டைக் குவிமாடத் தர்கா இருக்கிறது. வழக்கில் உண்மை சொல்ல வைக்க அவ்லியாவின் (இறைநேசரின்) அடக்கத்தலத்தில் சத்தியம் வாங்குவதும் நடந்தது. கண்ணேறு பட்டது என்றால் லுபான் புகை போட்டு மந்திரச் சொற்கள் ஓதுவார்கள், மனிதருக்கும் சரி மாட்டுக்கும் சரி.

தனித்திருந்த காலம் 1970களோடு முடிந்தது. 1960களில் தொடங்கி 1975 வரை ஓமான் சுல்தான் ஆட்சிக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த தோஃபார் போரில் மலையே களமானது. சுல்தான் பக்கம் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களின் நினைவுக் குறிப்புகளில் 'ஜெபாலி' என்று வருவது இவர்கள்தான். 1970இல் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸின் தாயாரே இந்த மலைக்குடியில் பிறந்தவர். போருக்குப் பிறகு சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் மேலே வந்தன. பள்ளிக்கூடம் அரபியில் நடக்கிறது, பிள்ளைகளின் பேச்சும் அந்தப் பக்கம் சாய்கிறது.

இப்போது தமிழுக்கு. மக்களைச் சொல்ல 'மலையாளி' என்றால் அமைப்பு கச்சிதம், ஆனால் வேலைக்கு ஆகாது. சவ்வாது மலை, கொல்லிமலை மலையாளிகளையே கேரளக்காரர்கள் என்று நினைப்பவர்கள் நாம். குறவர் சங்கப் பாட்டுக்குப் பொருந்தும், இன்று அது ஒரு சாதிப்பெயர். 'மலைவாழ் மக்கள்' அரசாங்க மனுவின் வாசனை. என் ஓட்டு 'மலைவாணர்'க்கு. வாழ்நர் என்பதுதான் வாணர் ஆனது, நிகண்டுகளுக்குப் பழக்கமான சொல், எந்தச் சாதிக்கும் பட்டா போகவில்லை. மொழிக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டாம். ஷெஹ்ரி அல்லது ஜிப்பாலி என்றே எழுதி, முதல் முறை 'தோஃபார் மலைவாணர் மொழி' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். ஜிபாலி, ஜெபாலி, ஜபாலி எல்லாம் ஒரே சொல்லின் எழுத்து வேறுபாடுகள்.

அப்புறம், இந்தப் பெயரில் வேறு ஆட்களும் உண்டு. சினாய் மலையில் செயின்ட் கேத்தரின் மடத்தைச் சுற்றி வாழும் ஜெபலிய்யா என்ற பெதூயின் (பாலைவன அரபு) மக்கள் ஒரு கூட்டம், வட மொராக்கோவின் ஜ்பாலா இன்னொன்று. பக்கத்தில் சலாலா, தோஃபார் என்று ஏதாவது கண்ணில் பட்டால்தான் அது நம் மலைவாணர்.